அனுப்பியவரை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்காகச் சபாவுக்கு, கோத்தா கினபாலுவுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் சொல்ல வாயெடுத்தால், "தெரியும்மா, அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கொஞ்ச காலமாகவே நமக்குள் நடக்கும் பேச்சு வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. அங்கே மழையா, இங்கே வெயில், சாப்பிட்டாயா, சரி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பாதியில் நிறுத்தினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. நான் பாதியில் நிறுத்தப்போவதில்லை.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெறுகிறவர்கள் நூலகச் செய்தி மடலுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். எனக்குக் கொடுத்த தலைப்பு, டிஜிட்டல் காலத்து நூலகருக்கு வேண்டிய திறன்கள். உன் நேர்முகத் தேர்விலும் இதே கேள்வியைக் கேட்டார்கள் என்று சொன்னாய். நீ தரவுத்தளம், மின்னூல் உரிமம், பழைய தாள்களைப் படமெடுத்துக் காக்கும் முறை, பொய்ச் செய்தியை இனம் காண்பது என்று மடமடவென்று அடுக்கியதையும் சொன்னாய். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேரன், பல்கலைக்கழக நூலகத்தில் டிஜிட்டல் பிரிவுக்குப் பொறுப்பு. நானும் நல்ல பிள்ளையாக அதே விஷயங்களை மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பதில் அதில் இல்லை. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். பயப்படாதே, உன் பெயரை எங்கும் போடவில்லை. லெட்சுமியக்காவின் பெயரை மாற்றட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எதுக்கு மிஸ்? மாத்துனா அது நானான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்" என்றார்.

ஆமாம், லெட்சுமியக்காவைப் பற்றித்தான். அந்தப் பெயரைக் கேட்டாலே நீ பேச்சை மாற்றுகிறாய். வீட்டுக்கு வந்தாலும் அவர் இருக்கும் சாலையைத் தவிர்த்துப் பின்பக்கமாக மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போகிறாய். நம் தாமான் குடியிருப்பில் இருப்பதே நாலு வரிசை வீடுகள். யார் எந்த வழியாகப் போகிறார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாதா?

வட்டத்துப் பிள்ளைகளுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை விற்று வீட்டு மனைகளாக்கியபோது தோட்ட லயத்து வீடுகளில் இருந்தவர்கள் இந்தத் தாமானுக்கு வந்தார்கள். அக்காவும் அப்போது வந்தவர்தான். கணவர் முன்னாலேயே போய்விட்டார். ஒரே மகன், சரவணன். போர்டிக்சன் பக்கம் எண்ணெய் ஆலை ஒன்றில் குத்தகை வேலை செய்தான். ஒரு நாள் மாலை வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது லாரியில் மோதி அங்கேயே இறந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அக்கா நூலகத்துக்கு வரத் தொடங்கினார். புத்தகத்துக்காக அல்ல. "ஏர்கோன் நல்லா இருக்கு மிஸ், செத்த ஒக்காந்துட்டுப் போறேன்" என்பார். நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். பாட்டு கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அவன் இறந்த நாளில் வருடாவருடம் வீட்டில் படையல் போடுவார். கோழிக்கறி, முட்டை, அவன் குடிக்கும் கறுப்பு பீர், ஒரு சிகரெட், எல்லாம் இலையில் இருக்கும். அவனுக்கு மீன் என்றால் உயிர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இலையில் மீன் மட்டும் இருக்காது. யாராவது கேட்டால், "நான் மீனத் தொடறதில்ல" என்பதோடு சரி. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் கைத்தொலைபேசியை அவன் படத்துக்கு முன் வைத்து, வாட்ஸ்அப் புலனத்தில் அவன் அனுப்பியிருந்த ஒரு குரல் செய்தியைப் போடுவார். "அம்மா, சாப்ட்டியா? நான் ஓ.டி. செய்றேன். நீ சாப்ட்டுப் படு லா." அது முடிந்த பிறகுதான் தீபம் காட்டுவார். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததில்லை. வந்தவர்களுக்கு முதல் வருடம் திக்கென்று இருந்தது. அடுத்த வருடம் பழகிவிட்டது. நூலகத்தில் அவர் காதோடு வைத்துக் கேட்டதும் அந்தக் குரல்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் நீ ஒரு படையலுக்கும் வந்ததில்லை. படிப்பு, பரீட்சை என்று கோலாலம்பூரிலேயே இருந்தாய். உனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

நீ விடுமுறைக்கு வந்து முதியவர்களுக்குக் கைத்தொலைபேசி வகுப்பு எடுத்தாயே, அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? அரசாங்க உதவி என்று வரும் கண்ட இணைப்பையும் அழுத்தாதீர்கள், வங்கிக் கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நீ பொறுமையாகச் சொல்வதைப் பார்த்து, இவன் நம்மை மிஞ்சிவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். அக்கா அந்த வகுப்புக்கு வந்தார். "தம்பி, மெமரி ஃபுல்லாயிருச்சுன்னு சும்மா சும்மா சொல்லுது. கண்ணாடியும் வெடிச்சிருச்சு. அண்ணன் மகன் புதுசு ஒன்னு வாங்கிக் குடுத்துருக்கான். இதுல உள்ளத அதுல மாத்தித் தரியா?" என்று கேட்டார். நீ மாற்றிக் கொடுத்தாய். தொடர்பு எண்கள் வந்தன, படங்கள் வந்தன, எழுத்துச் செய்திகள் அத்தனையும் வந்தன. பழைய தொலைபேசியைக் கடையில் கொடுக்கப்போவதாக அக்கா சொன்னதும், யாரும் அவருடைய விவரங்களை எடுத்துவிடக் கூடாது என்று அதை முழுவதுமாகத் துடைத்தாய். பாடத்தில் சொன்னபடி செய்தாய். நம் நூலகத்தின் இழுபறி இணையத்தில் குரல் செய்திகள் மட்டும் இணையச் சேமிப்புக்கு ஏறி முடிந்திருக்கவில்லை. நீ கவனிக்கவில்லை.

மறுநாள் அக்கா வந்து புதுத் தொலைபேசியை நீட்டியபோது நான் முகப்பு மேசையில்தான் இருந்தேன். குரல் செய்தி இருந்த இடத்தில் அந்தச் சின்ன முக்கோணம் அப்படியே இருந்தது. அழுத்தினால் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்தது. "என்னா சொல்லுது தம்பி?" என்று கேட்டார். நீ படித்தாய். மறுபடியும் அழுத்திப் பார்த்தாய். பிறகு, "இந்தக் கோப்பு இல்லயாம், பெரியம்மா. அனுப்பினவங்கள மறுபடியும் அனுப்பச் சொல்லணுமாம்" என்றாய்.

அக்கா உன்னைத் திட்டவில்லை. "அவன்கிட்டயா?" என்று மட்டும் கேட்டார். தொலைபேசியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெயிலில் குடை விரிக்காமலே நடந்து போனார். உன் முகம் அன்று வெளுத்துப்போனதை நான் மறக்கமாட்டேன். அக்கா இன்னும் கடையில் கொடுக்காமல் வைத்திருந்த பழைய தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சிரம்பானில் ஒரு கடை விடாமல் அலைந்தாய். முழுவதும் துடைத்ததை யாராலும் திரும்ப எடுக்க முடியாது என்று உனக்கே தெரியும். இருந்தும் அலைந்தாய். அந்த வாரக் கடைசியில் கோலாலம்பூருக்குப் போனவன், அதற்குப் பிறகு அந்தச் சாலையில் கால் வைக்கவில்லை.

உன்னைத் தேற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. தப்பு உன்னுடையதுதான். அதை வேறு மாதிரி பூசி மெழுகினால் உனக்கே பிடிக்காது. ஆனால் எது தப்பு என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போகவில்லை. இணையம் சரியில்லை, சோதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நீ நினைக்கிறாய். சோதித்திருக்க வேண்டும் என்பது சரி. எங்கள் நூலகம் முதன்முதலாகக் கணினிக்கு மாறியபோது தமிழ்ப் புத்தகங்களின் தலைப்புகள் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தன. மேலதிகாரி பழைய நூற்பட்டியல் அட்டைகளையெல்லாம் குப்பைக்கு அனுப்பச் சொன்னார். நான் அட்டைப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் அப்பா வேலை முடிந்து வந்து ஒவ்வொரு அட்டையாகப் படிக்க, நான் ரோமன் எழுத்தில் தட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இன்றைக்கும் அதைச் சொல்லி அவரைச் சீண்டுவேன். புதியது திறக்கிறதா என்று பார்க்காமல் பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. இது உனக்கும் பாடத்தில் இருக்கும்.

எனக்கு உறுத்துவது அதற்கு முன்னால் நடந்தது. ஒரு முறை மந்தினிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் வந்து டுரியான் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கை நிறையப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கலாம். "டுரியானில் என்ன வேண்டும் பாக்சிக்?" என்று கேட்டேன். இலை உதிர்கிறதாம். எத்தனை மரம் என்று கேட்டேன். ஒரே மரம், வீட்டுக்குப் பின்னால். அது அவர் மனைவி நட்டது, மனைவி போன வருடம் இறந்துவிட்டார் என்று மெதுவாக வெளியே வந்தது. அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்ததோடு விவசாய இலாகா ஆளின் எண்ணையும் கொடுத்து, அவரே பேசுகிறாரா என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாசகர் முதலில் கேட்பது அவருக்கு வேண்டியதாக இருக்காது. நம்மிடம் எதைக் கேட்கலாம் என்று அவர் நினைக்கிறாரோ அதைத்தான் கேட்பார். இரண்டாவது கேள்வியை நாம் கேட்க வேண்டும். மெமரி நிறைந்துவிட்டது என்று வந்தவரிடம், "பெரியம்மா, இதுல எது போனா உங்களுக்குத் தாங்காது?" என்று நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்குக் கணினி தேவையில்லை. ஆனால் கணினி வந்த பிறகுதான் அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஏனென்றால் முன்பெல்லாம் ஒருவருடைய மகனின் குரலை யாரும் நம் கையில் கொடுத்ததில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நம்மிடம் இல்லாத புத்தகத்தை யாராவது கேட்டால் கையை விரிக்கமாட்டோம், வேறு எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தேடுவோம் அல்லவா? அந்தப் புத்தியில்தான் போனேன். சரவணன் அவன் அம்மாவிடம் மட்டுமா பேசியிருப்பான்? வேலையிடத்து ஆட்களைக் கேட்டேன், கால்பந்து ஆடிய பையன்களைக் கேட்டேன். பெரும்பாலானவர்கள் தொலைபேசியை மாற்றிவிட்டார்கள், அல்லது அவனுடைய எண்ணையே அழித்துவிட்டார்கள். கடைசியில் தேவன் என்று ஒருவன் கிடைத்தான். முன்பு நம் தாமானில் இருந்து, இப்போது மந்தினில் லாரி ஓட்டுகிறான். பஸ் ஏறிப் போய் அவனை ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் தட்டில் இருந்த ரொட்டியை அப்படியே தள்ளி வைத்துவிட்டான்.

"ஒன்னு இருக்கு மிஸ். அன்னிக்கு சாயங்காலம் அனுப்புனது. நான் லாரியில இருந்தேன், பாக்கல. மறுநாள் சாவு வீட்டுலதான் பாத்தேன். அழிக்க மனசு வரல. ரெண்டாந்தடவ கேக்கவும் தைரியம் வரல."

என் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். நான் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து கேட்டேன். சரவணனின் குரல், பின்னால் மோட்டார் உறுமல்.

"டேய் தேவா, நான் வர லேட்டாவும் லா. எங்கம்மா மீனு வாங்கிட்டு வரச் சொல்லிருக்கு. உயிர வாங்குது கெழவி. பாசார் போய்ச் சுத்திக்கிட்டுதான் வரணும். அது போன் அடிச்சுக்கிட்டே இருக்கும், நான் எடுக்க மாட்டேன், மோட்டார்ல எடுத்தா செத்தேன். போனத் தூக்கி மோட்டார் பாக்ஸுக்குள்ள போட்டுட்டுத்தான் ஓட்டப்போறேன். நீ வீட்டுக்குப் போற வழியில எங்கம்மாகிட்ட சொல்லிடு, வந்துக்கிட்டே இருக்கேன்னு."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன். அவன் மீன் வாங்கப் போன வழியில் இறந்திருக்கிறான். அந்த மீனைக் கேட்டது அக்கா. இலையில் ஏன் மீன் இல்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. இதைக் கொண்டுபோய் எப்படி அவர் கையில் கொடுப்பது?

அதை உனக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் நீ வேறொன்றை அனுப்பினாய். "அம்மா, நடுவுல வெட்டிட்டேன். இத மட்டும் குடுங்க" என்று எழுதியிருந்தாய். போட்டுக் கேட்டேன். "டேய் தேவா, நான் வர லேட்டாவும் லா. எங்கம்மாகிட்ட சொல்லிடு, வந்துக்கிட்டே இருக்கேன்னு." வெட்டிய இடம் எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் ஓடிய மோட்டார் சத்தத்தைக்கூடத் துடைத்துவிட்டாய். பக்கத்து அறையில் இருந்து பேசுகிறவன் மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. உன் கைத்திறனைப் பார்த்து வியந்தேன், தம்பி. ஆனால் அதை மட்டும் அக்காவிடம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. நீ செய்தது அக்கா மீது உள்ள இரக்கத்தால் என்று எனக்குத் தெரியும். பழைய தொலைபேசியைத் துடைத்ததும் அவருடைய நன்மைக்காகத்தானே?

இரண்டையும் வைத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். "அக்கா, சரவணன் பேசுனது ஒன்னு கெடச்சிருக்கு" என்றதும் கை நின்றுவிட்டது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அதுல உங்களுக்கு வலிக்கிற மாதிரி ஒரு விஷயம் இருக்கு. வலிக்கிற எடத்த எடுத்துட்டு ஒன்னும் வச்சிருக்கேன். முழுசா உள்ளதும் இருக்கு. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

உருவிய இலைகளை மடியில் அள்ளிக்கொண்டார். "இருக்கட்டும் மிஸ். இப்ப வேணாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

பிறகு எத்தனையோ வாரம் நூலகம் பக்கமே வரவில்லை. நல்ல சேதியைக் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டேனோ என்று நான் தவித்துப்போனேன். உன் அப்பாகூட, "வெட்டினதையே கொடுத்திருக்கலாம், பாவம்" என்றார். நானும் இரண்டு முறை கிளம்பி, வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தாயா நான் சொன்னேனே என்பாய். காத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் பதறிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வியாழக்கிழமை மதியம் அக்கா வந்தார். நேராக என் முகப்புக்கு வந்து, "முழுசா போடுங்க மிஸ்" என்றார். வாசிப்பு மூலையில் பள்ளிப் பிள்ளைகள் இருந்ததால், பழைய இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் பின்னறைக்கு அழைத்துப் போனேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போட்டேன்.

"கெழவி" என்று வந்த இடத்தில் அக்கா சிரித்துவிட்டார். நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. "பாத்திங்களா மிஸ், அன்னிக்கும் என்ன திட்டிக்கிட்டுதான் போயிருக்கான்." அடுத்த வரியிலேயே சிரிப்பு போய்விட்டது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். இன்னொரு தடவை. போன் அடிச்சுக்கிட்டே இருக்கும், நான் எடுக்க மாட்டேன் என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"மீனு கேட்டது நான்தான் மிஸ். வவ்வா மீனு. கொழம்பு கூட்டி வச்சிட்டேன், மீனு வந்தா போடறதுதான் பாக்கி. அதான் அடிச்சுக்கிட்டே இருந்தேன். எங்க இருக்க, எங்க இருக்கன்னு அடிச்சேன். அவன் என் போன எடுக்கத்தான் பாக்கெட்டுல கைய விட்டுருப்பான், அதுலதான் லாரிய பாக்காம வுட்டுட்டான்னு நெனச்சேன். இத்தன வருசமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். யாருகிட்ட போயிச் சொல்லுவேன்?"

அப்புறம் அந்த அலமாரியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். "பொட்டிக்குள்ள போட்டுட்டேன்னு சொல்லிருக்கான். எடுக்க மாட்டேன்னு சொல்லிருக்கான். எனக்குச் சொல்லச் சொல்லிதான் அனுப்பிருக்கான். எனக்கு யாருமே சொல்லலியே மிஸ்." நானும் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெளியே ஒரு பிள்ளை புத்தகம் பதிய மணியை அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ வெட்டி எடுத்த பகுதியில்தான் அந்த வரி இருந்தது, தம்பி. உன்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும்கூட வலிக்கும் இடம் மீன்தான் என்று நினைத்திருந்தேன். தொலைபேசி என்று யாருக்குத் தோன்றும்? அவருக்கு எது வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. சபாவில் உன் கைக்கு எத்தனையோ பேருடைய குரலும் படமும் எழுத்தும் வரப்போகின்றன. எங்கோ ஒரு மூலையில் கரகரவென்று கேட்கும் சத்தம், கிழிந்த ஓரம், கெட்ட வார்த்தை, இவற்றையெல்லாம் துடைக்க உன் கை துறுதுறுக்கும். சுத்தம் செய்ததை ஒன்று வைத்துக்கொள். வந்தபடியே உள்ளதையும் வைத்திரு, ஒரே இடத்தில் வைக்காதே. எது வேண்டும் என்று அதற்கு உரியவரிடம் கேள். அவர் பதில் சொல்லாமல் போனால், திரும்பி வரும்வரை இரு. உன்னிடம் தேர்வாளர்கள் கேட்டார்களே, அதற்கு என்னுடைய பதில் இவ்வளவுதான்.

இதனால் அக்காவின் துக்கம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. தீரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, "மீனு கேட்டது கேட்டதுதான். அது மாறாது" என்றார். அந்தப் பழைய குரல் செய்தியும் திரும்பி வரப்போவதில்லை. "சாப்ட்டியா" என்று அவன் கேட்டது போனது போனதுதான். உன்னுடைய பாரத்தையும் யாரும் இறக்கி வைக்கமுடியாது. இறக்கிவிட எனக்கு ஆசைதான். ஆனால் பெற்றவள் என்பதற்காக நான் அதை வெட்டி எடுத்துவிட்டு உனக்கு மிச்சத்தை மட்டும் கொடுக்கமாட்டேன்.

அவருடைய தொலைபேசியில் ஏற்றித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. "தம்பி எங்க? அதுக்கப்பறம் வரவே இல்லியே. பின்னால சுத்திக்கிட்டுப் போறான், மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா? அவன வரச் சொல்லுங்க. அவன் போட்டுக் குடுக்கட்டும்" என்றார். அவன் வெட்கப்படுகிறான் அக்கா, நீங்கள் திட்டுவீர்கள் என்று பயப்படுகிறான் என்றேன். "திட்டத்தான் போறேன். வரச் சொல்லுங்க" என்றார். கதவு வரை போனவர் திரும்பி நின்று, "அந்தப் புள்ளைக்கும் ஒரு அம்மா இருக்குல்ல" என்றார். நான்தான் அந்த அம்மா என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது போல. அல்லது மறக்கவில்லையோ என்னவோ.

பதிவுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அக்கா, இல்லாவிட்டால் பிறகு தேடினால் கிடைக்காது என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை. "வந்துக்கிட்டே இருக்கேன்னு வைங்க மிஸ்" என்றார்.

சனிக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. வவ்வால் மீன் குழம்பு. அத்தனை வருடங்களுக்குப் பிறகு காலையில் அவரே பாசாருக்குப் போய் வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ முன்வாசல் வழியாக வர வேண்டும். அந்தக் குரலை அவர் தொலைபேசியில் ஏற்று. பிறகு வேறு இரண்டு இடங்களில் வை. அவர் முன்னாலேயே ஒவ்வொன்றையும் திறந்து, முழுவதும் ஓடுகிறதா என்று கேட்டுப் பார். அவர் திட்டும்போது குனிந்து நில், பதில் பேசாதே. சாப்பிட்டுவிட்டு வா.

கோலாலம்பூரிலிருந்து நீ மோட்டாரில்தான் வருவாய் என்று எனக்குத் தெரியும். நேரமானால் நான் சும்மா இருக்கமாட்டேன், அடித்துக்கொண்டேதான் இருப்பேன். தொலைபேசியைப் பெட்டிக்குள் போட்டுவிடு. நான் எத்தனை முறை அடித்தாலும் எடுக்காதே. வந்து சேர்.

அம்மா